பழைய காரின் பளபளப்புக்கு உண்மைக் குரோமா, குரோம் நிறப் பவுடர் கோட்டிங்கா?

குரோம் நிறத்தில் பவுடர் கோட்டிங், அதாவது தூளை விசிறிச் சூட்டில் உருக்கும் பூச்சு, அடித்தால் குரோம் முலாம் மாதிரியே இருக்குமா என்று கேட்பவர்களுக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருக்காது. அது பளிச்சென்ற நல்ல வெள்ளி நிறம், கண்ணாடி மாதிரி முகம் தெரியாது. அப்படியிருந்தும் என் பழைய மொறிஸ் மைனர் காரின் இரண்டு பஃபர்களுக்கும் (பம்பர் என்று எழுதலாம்தான், கராஜில் நாம் எல்லோரும் பஃபர் என்றுதானே சொல்கிறோம், அப்படியே எழுதுகிறேன்) அதைத்தான் அடித்திருக்கிறேன், திரும்பவும் செய்ய வேண்டி வந்தாலும் பஃபருக்கு அதையே செய்வேன், ஆனால் ஹெட்லைட் வளையத்துக்குச் செய்யமாட்டேன், கதவுப் பிடிக்கு யார் சொன்னாலும் செய்யமாட்டேன். ஒரே காரில் ஏன் இப்படி வேறு வேறு முடிவு என்பதுதான் விஷயம்.

கார் 1959ஆம் ஆண்டின் மைனர் 1000, 948 சிசி எஞ்சின், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. போர்க்காலத்தில் அங்கே பெற்றோல் கிடைக்காதபோது காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் இதுவும் ஒன்று. ஓடினாலே போதும் என்றிருந்த காலம், பஃபரை யார் பார்த்தார்கள். இப்போது கார் நிற்பது கொழும்பின் வெள்ளவத்தையில், கடலோர வீதியான மரைன் டிரைவுக்கு இரண்டு நிமிட நடை. மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கினால் ஜன்னல் கம்பி, கேற், சைக்கிள் செயின் எதையும் கடல் விட்டுவைக்காத இடம் இது. காலையில் காரின் முன்கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும்.

மைனருக்கு முகமே அந்தப் பஃபர்தான். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு அந்தக் கார் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அகலம் போதவில்லை என்று அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் மாதிரிக் காரை நீளவாக்கில் நடுவே அறுத்து 4 அங்குலம் கூட்டினார். அதற்குள் பஃபர்கள் பழைய அளவில் செய்யப்பட்டுவிட்டபடியால், ஆரம்பக் கார்களில் பஃபரையும் நடுவில் வெட்டி இடைவெளியை ஒரு துண்டு வைத்து மூடியிருப்பார்கள். என்னுடையது பின்னால் வந்தது, அந்தத் துண்டு இல்லை. ஆனாலும் அந்த உருண்டை முகத்தின் கீழே ஒரு வெள்ளிக்கோடு ஓடவில்லையென்றால் கார் பல்லில்லாத வாய் மாதிரி ஆகிவிடுகிறது. பஃபரைக் கழற்றி வைத்திருந்த மூன்று மாதமும் அப்படித்தான் இருந்தது, பார்க்கவே மனம் கேட்கவில்லை.

சரி, குரோமிலிருந்து தொடங்குவோம். குரோம் என்று நாம் பார்ப்பதில் குரோமியம் மிக மிகக் கொஞ்சம். உருக்கின் மேல் செப்பு, அதன் மேல் நிக்கல், கடைசியில் கால் மைக்ரோன், மிஞ்சினால் அரை மைக்ரோன் குரோமியம். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன் என்று வைத்துக்கொண்டால் அது எவ்வளவு மெல்லியது என்று விளங்கும். கறள் உள்ளே போகாமல் தடுப்பது நிக்கல்தான், குரோமியம் அந்த நிக்கல் மங்காமல் காக்கிறது, லேசான நீலம் கலந்த அந்த வெள்ளையைக் கொடுப்பதும் அதுவே. நிக்கல் மெல்லிசாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும், உப்புநீர் அதன் வழியே உருக்கைத் தொடும், வெளியே ஒரு சிவப்புப் புள்ளி தெரியும்போது முலாமுக்கு அடியில் கறள் ஏற்கெனவே பரவியிருக்கும். அதனால்தான் "புதுசா குரோம் போட்டு ஒரு வருஷத்தில புள்ளி வந்துட்டுது" என்று இங்கே இத்தனை பேர் சொல்கிறார்கள். குறை குரோமில் இல்லை, அடியில் நிக்கலைச் சிக்கனமாகப் போட்டதில்.

இன்னொன்று, விலை விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது இதில்தான். முலாம் பள்ளத்தை நிரப்பாது. அடியில் உருக்கு எப்படியோ மேலே குரோம் அப்படியே. கறள் தின்ற பள்ளம் இருந்தால் ஒன்றில் அதை அரைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் தடிப்பாகச் செப்பு ஏற்றி, பஃபிங் (சுழலும் சில்லில் தேய்த்து மினுக்குவது) செய்து, திரும்பச் செப்பு ஏற்றி, திரும்பப் பஃபிங் செய்து சமப்படுத்த வேண்டும். குரோமுக்கு என்று நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு பஃபிங் சில்லுக்கு முன்னால் முகமெல்லாம் கறுத்து நிற்கிற மனிதரின் மணித்தியாலங்களுக்குத்தான் போகிறது. ஆகவே பஃபருக்குக் குரோம் எவ்வளவு என்று ஃபோனில் கேட்பதில் அர்த்தமே இல்லை. பழைய முலாமை உரித்த பிறகுதான் விலை தெரியும்.

என் பஃபர்கள் இரண்டையும் உரித்துப் பார்த்தபோது பின் பஃபரின் உள்வளைவு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம். கொழும்பில் மூன்று இடத்தில் கேட்டேன். ஒருவர் வேண்டாம் என்றார், இரண்டு பேர் விலை சொன்னார்கள், அதில் குறைந்த விலையிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு பஃபர்களும் அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டுகளும் சேர்த்துப் பவுடர் கோட்டிங் செய்ய முடிந்தது. நிக்கலும் அமிலமும் எல்லாம் இறக்குமதி, 2022இல் டொலர் 360 ரூபாயைத் தாண்டிய நாட்களுக்குப் பிறகு அந்த வேலையின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

குரோம் தொட்டியின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அதிலிருக்கும் செம்மஞ்சள் கரைசல், குரோமிக் அமிலம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டெம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் அதைத் தொழிலில் பயன்படுத்த முடியாது, கலிபோர்னியாவும் 2023இல் அலங்கார முலாம் வேலையில் அதைப் படிப்படியாக நிறுத்தத் தீர்மானித்தது. இங்கே நான் போன ஒரு பட்டறையில் கையுறை இல்லாமல் ஒரு பையன் அந்தத் தொட்டிக்கு மேல் குனிந்து நின்றான். குரோம் போடக் கொடுக்கிறீர்கள் என்றால் காற்று இழுக்கும் விசிறி இருக்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒரு முறையாவது பாருங்கள். நல்ல பட்டறைகள் இருக்கின்றன, கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுக்கலாம்.

இனிப் பவுடர். கேற், ஜன்னல் சட்டம், மேசைக்கால் எல்லாவற்றுக்கும் அடிக்கும் அதே முறைதான். காய்ந்த தூளுக்கு மின்னேற்றம் கொடுத்து விசிறுவார்கள், பூமிக்கு இணைத்த இரும்பில் அது ஒட்டிக்கொள்ளும், ஓவனில் வைத்து 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் உருகி ஓடி ஒரே தோலாக இறுகும். ஒரு படை 60 முதல் 80 மைக்ரோன் வரும். குரோமியப் படையோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல். அந்தத் தடிப்பால் சின்னப் பள்ளங்களை அது மூடிவிடும், பஃபிங் செலவு விழுந்துவிடுவது இதனால்தான். உப்புக்காற்று உள்ளே போகவும் வழி இல்லை, எங்கேயும் அடிபடாமல் இருக்கும்வரை.

குரோம் நிறப் பவுடரில் குரோமியமே கிடையாது. நுண்ணிய அலுமினியத் தகடுகள் பிசினுக்குள் மீன் செதில் மாதிரி அடுக்காகப் படுத்திருக்கும், மினுக்கம் அதிலிருந்து வருகிறது. ஒவ்வொரு செதிலும் ஒரு மயிரிழை வேறு சாய்வில் கிடப்பதால் வெளிச்சம் திரும்பி வரும், உருவம் கலங்கிவிடும். நான் செய்து பார்த்த சோதனை: வீரகேசரிப் பத்திரிகையைப் பஃபருக்கு ஓரடி முன்னால் பிடியுங்கள். நல்ல குரோமில் தலைப்பு எழுத்துகளை இடம் வலம் மாறியபடி வாசிக்கலாம். பவுடரில் ஒரு வெள்ளைச் சதுரமும் மேலே ஒரு கறுப்புப் பட்டையும் தெரியும், அவ்வளவுதான். பத்தடி தள்ளி நின்றால், அதுவும் வெயிலில், பலருக்கு வித்தியாசம் பிடிபடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் பிடிபடும்.

கடையில் ஒரு மாதிரித் துண்டைக் காட்டுவார்கள், பார்த்தவுடன் இதுவே போதும் என்று தோன்றும் அளவுக்கு மின்னும். அதன் மேல் கிளியர் கோட் (நிறமில்லாத மேற்பூச்சு) அடித்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கிளியர் இல்லாவிட்டால் செதில்கள் மேற்பரப்பிலேயே கிடக்கும், விரல் பட்டால் சாம்பல் ஒட்டும், கொஞ்ச நாளில் மழையும் பறவை எச்சமும் அலுமினியத்தைக் கறுப்பாக்கிவிடும், ஆகவே வெளியே நிற்கும் காருக்குக் கிளியர் கட்டாயம். ஆனால் கிளியர் அடித்தவுடன் அந்த மினுக்கத்தில் ஒரு பங்கு போய்விடும், வெள்ளி கொஞ்சம் சாம்பல் பக்கம் சாயும். அதனால் கிளியரும் அடித்த துண்டை வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். அடியில் பளபளப்பான கறுப்பு, நடுவில் குரோம் நிறம், மேலே கிளியர் என்று மூன்று படை கேளுங்கள். கறுப்பு அடித்தளம் ஆழத்தைக் கொடுக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் அடியில் நாகம் (துத்தநாகம்) கலந்த எபொக்சி பிரைமரும் கேட்கலாம், ஆனால் படை கூடக் கூட மேற்பரப்பு தோடம்பழத் தோல் மாதிரி அலையடிக்கும், போல்ட் துளைகளும் இறுகும். நான் பின் பஃபருக்கு மட்டும் அந்தப் பிரைமரைச் சேர்த்தேன், சேறு அடிப்பது அங்கேதான்.

இந்த வேலை எனக்கு முதல் தரமே சரியாக வரவில்லை. மேலே சொன்னபடி இரண்டையும் உரிப்பதற்கு முன்னாலேயே, முன் பஃபரை உரிக்காமல் நேரே ஒரு பவுடர் கடைக்குக் கொண்டுபோனேன், அவர்கள் பழைய குரோமை எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு மேலே அடித்தார்கள். ஓவனிலிருந்து வெளியே வந்தபோது இடது ஓரத்தில் வழிந்து உறைந்த ஒரு கட்டி. மற்ற இடங்களில் ஒரு மாதத்தில் நகத்தால் கிளப்பினால் தாளாக உரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கிராண்ட்பாஸ் பக்கம் முலாம் வேலை செய்யும் ஒரு வயதான ஐயாவிடம் போனேன். புரட்டிப் பார்த்தவுடனேயே சொன்னார்: "தம்பி, இது ஆரோ ஈயம் வச்சு அடைச்ச பஃபர். ஈயத்த ஓவன்ல வச்சா நிக்குமா? இந்தப் பழைய குரோமுக்கு மேல பவுடர் பிடிக்கவும் பிடிக்காது, அது கண்ணாடியில பெயின்ட் அடிச்ச மாதிரி."

அவர் சொன்னது முழுக்க உண்மை. பழைய காரின் உடம்பை ஒட்டப் பயன்படுத்திய ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 பாகையிலிருந்தே இளகத் தொடங்கும், பவுடரின் ஓவனும் அங்கேதான் நிற்கிறது. பள்ளம் அடைக்கும் சாதாரணப் பட்டியும் அந்தச் சூட்டுக்குத் தாங்காது. குரோமும் நிக்கலும் முலாம் பட்டறையில் உரிக்கப்பட வேண்டும், பிறகு ஈயத்தைச் சுட்டு எடுத்துவிட்டு அந்த இடத்தை வெல்ட் செய்ய வேண்டும், பெரிய பள்ளங்களுக்கு உலோகத்தூள் கலந்த, சூடு தாங்கும் எபொக்சி போட வேண்டும், அதன் பிறகு சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக வீசிச் சுத்தம் செய்வது), அன்றைக்கே பவுடர். அன்றைக்கே என்பது முக்கியம். கொழும்புக் காற்றில் பிளாஸ்ட் செய்த இரும்பை இரவு வெளியே வைத்தால் காலையில் அதன் மேல் மஞ்சள் படர்ந்திருக்கும். இரண்டாவது தரம் இந்த ஒழுங்கில் செய்தேன், உரிக்கும் செலவையும் வெல்டிங்கையும் சேர்த்துத்தான் மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்கு.

கதவுப் பிடி, பொனட் சின்னம் இவற்றின் கதை வேறு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் இந்த மாதிரிச் சின்னச் சாமான்கள் பெரும்பாலும் மசாக் என்று சொல்லும் நாகக் கலவை வார்ப்பு. காந்தம் ஒட்டாது, உள்பக்கம் சுரண்டினால் மங்கிய சாம்பல் நிறம், வயது போனால் மேலே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். வார்ப்புக்குள் அடைபட்ட காற்று ஓவன் சூட்டில் வெளியே வரப் பார்க்கும், பவுடரில் ஊசித்துளை விழும், சில வேளை வார்ப்பே ஊதிவிடும். அதோடு கை தினமும் படும் சாமானில் மங்கல் வெள்ளியை யாருக்கும் ஒளிக்க முடியாது. மசாக்குக்குத் திரும்ப முலாம் போடுவதும் கடினம், அமிலம் அதைத் தின்றுவிடும், கொப்புளத்தை ஒவ்வொன்றாகக் குடைந்து நிரப்ப வேண்டும். ஆகவே கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் நல்ல நிலையில் ஒரு பழைய சோடி கிடைக்கும்வரை தேடுவதுதான் என் வழி. கடைக்காரரிடம் பிடியைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள், கொப்புளம் சின்னதாக ஒன்று இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

ஹெட்லைட் வளையங்கள் என் காரில் பித்தளை, பின்பக்கம் சுரண்டினால் மஞ்சள் தெரிந்தது. பித்தளைக்குக் கறள் கிடையாது, பள்ளம் இல்லை, அளவும் சின்னது, ஆகவே உண்மைக் குரோமுக்குச் செலவு குறைவு. காரைப் பார்க்கும் எவருடைய கண்ணும் முதலில் விழும் இடமும் அதுதான். வீல் கப் நான்குக்கும் அதே ஐயாவிடம் குரோம் போட்டேன், அவை உருக்கு, ஆனால் பள்ளமில்லாமல் தப்பியிருந்தன. கறள் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் முடிவு செய்தேன்.

காரின் பக்கவாட்டில் ஓடும் மினுக்கப் பட்டிகளைத் தொடுவதற்கு முன் அவை என்ன உலோகம் என்று பாருங்கள். நிறையப் பழைய கார்களில் அவை எவர்சில்வர், அதற்கு முலாமும் வேண்டாம் பவுடரும் வேண்டாம், நசுங்கலை எடுத்துப் பஃபிங் செய்தால் குரோமுக்குப் பக்கத்தில் வைக்கலாம். காந்தம் ஒட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள், எவர்சில்வரில் காந்தம் ஒட்டும் வகையும் உண்டு. நண்பர் ஒருவரின் வொக்ஸ்வாகன் பீட்டலில் பட்டிகள் அனோடைஸ் செய்த (மின்சாரத்தால் மேலே ஒரு ஆக்சைட் தோல் வளர்த்த) அலுமினியம், அந்தத் தோலைக் கோஸ்டிக் சோடாவில் எடுத்துவிட்டுத்தான் தேய்க்க முடிந்தது. அவருக்கு ஒரு கடையில் பவுடர் அடிக்கச் சொல்லியிருந்தார்கள், நல்ல வேளை அடிக்கவில்லை.

பவுடரோடு போட்டிக்கு வரும் மற்றொன்று ஸ்ப்ரே குரோம், அதாவது வெள்ளி நைத்திரேற்றை வைத்துக் கண்ணாடிக்கு ரசம் பூசுவது மாதிரியான வேலை. சூடு வேண்டாம், ஆகவே மசாக்குக்கும் பிளாஸ்டிக்குக்கும் செய்யலாம், தோற்றத்தில் பவுடரை விட எவ்வளவோ மேல், வீரகேசரியை அதில் வாசிக்கலாம். ஆனால் அந்த வெள்ளிப் படையைக் காப்பது மேலே இருக்கும் கிளியர் மட்டும்தான். ஒரு கல் பட்டுக் கிளியர் கிளம்பினால் ஈரம் உள்ளே போய் விளிம்பிலிருந்து பழுப்பாகும். காருக்குள்ளே டேஷ்போர்டுச் சாமானுக்கு நான் தாராளமாகச் சொல்வேன், கடற்கரைப் பக்கம் நிற்கும் பஃபருக்குச் சொல்லமாட்டேன். குரோம் ஸ்டிக்கர் வளைவில் சுருங்கி ஓரத்தில் கிளம்புகிறது, டப்பா ஸ்ப்ரேயைப் பற்றி எழுதவே வேண்டாம். காசு ஒரு பிரச்சினை இல்லை என்றால் வியட்நாமில் செய்துவரும் எவர்சில்வர் பஃபர்கள் இருக்கின்றன, கறள் என்ற பேச்சே இராது, அனுப்பும் செலவும் சுங்கமும் கட்டித் தாங்கினால் அதை விட நல்ல தெரிவு இல்லை.

இரண்டு பஃபர்களையும் ஒரே நாளில், ஒரே பெட்டிப் பவுடரில் அடிக்கச் செய்தது நல்லதாகப் போயிற்று. பஃபரின் மேல் நிற்கும் கொம்புகளையும் சேர்த்தே அடித்தேன். கொம்பு குரோமாகவும் பஃபர் பவுடராகவும் இருந்தால் ஒட்டுப் போட்டது தெரியும். ஹெட்லைட் வளையத்துக்கும் பஃபருக்கும் இடையில் ஒரு சாண் பெயின்ட் இருப்பதால் அந்த நிற வித்தியாசம் கண்ணை உறுத்தவில்லை.

இப்போது ஒரு பருவமழை முழுதும், அதன் பிறகு சில மாதமும் போய்விட்டது. முன் பஃபரின் நடுவில் கல் பட்ட இடத்தில் கடுகளவு ஒரு கிளப்பல், பார்த்த அன்றே கிளியர் நெயில் பொலிஷ் தொட்டு அடைத்தேன், பரவவில்லை. மினுக்கம் முதல் நாள் இருந்ததை விடக் கொஞ்சம் அமைதியாகியிருக்கிறது. கழுவச் சாதாரண கார் ஷாம்பூ மட்டும்தான். வீல் கழுவும் அமிலமும் வேண்டாம், உலோகம் மினுக்கும் பிராசோவும் வேண்டாம், குரோமுக்குப் பிராசோ தேய்த்துப் பழகிய கைக்கு அதைத் தேய்க்காமல் இருப்பது கஷ்டம்தான், ஆனால் தேய்த்தால் கிளியர் மங்கிவிடும். சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுக்கும்போது பையனிடம் நேரே சொல்லிவிடுகிறேன்.

பிற்பாடு காசு சேர்ந்தால் பவுடரை உரித்துவிட்டு உண்மைக் குரோம் போட முடியும், பிளாஸ்ட் செய்த முரட்டு முகத்தை அரைக்கும் வேலை மட்டும் கூடும். அந்த ஐயாவிடமே கேட்டேன், "உருக்கு மிச்சம் இருந்தா எப்பவும் போடலாம் தம்பி, கறள் தின்னாமப் பாத்துக்கொள்ளுங்க" என்றார். கதவுப் பிடி இன்னும் கிடைக்கவில்லை, வலப்பக்கத்துக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை திரும்பவும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறேன்.